வாசல் கதவும் கொல்லைக் கதவும்

நமது தொலைக்காட்சி அரங்கில் பேச எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு இது: "அரசியல் காரணத்துக்காகத் தேடப்படும் ஒருவரை ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் ஒப்படைக்கலாமா?" சட்டம் சம்பந்தப்பட்ட தலைப்பாயிற்றே, ஒரு வழக்கறிஞரை அல்லவா பேச வைத்திருக்க வேண்டும் என்று நேயர்கள் நினைக்கலாம். நியாயம்தான். பொதுத் தொடர்பியலில் டிப்ளோமா வாங்கிவிட்டு ஒலிவாங்கியைக் கையில் பிடித்த ஆள் நான். ஆனால் இந்தச் சட்டத்தின் கதை நீதிமன்றத்துக்குள் மட்டும் நடந்ததல்ல. புதுச்சேரியில் நடந்திருக்கிறது, சென்னையில் நடந்திருக்கிறது, நம் பினாங்கிலும் நடந்திருக்கிறது. அதைக் கதையாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பத்திரிகையில் "நாடு கடத்தப்பட்டார்" என்று செய்தி வரும். அதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, ஒப்படைப்பு. "இந்த ஆள் எங்கள் நாட்டில் குற்றம் செய்தவர், அனுப்பி வையுங்கள்" என்று ஓர் அரசாங்கம் முறைப்படி கேட்கிறது. கேட்கப்பட்ட நாட்டில் நீதிபதி விசாரிக்கிறார். அந்த ஆளும் வழக்கறிஞர் வைத்து வாதாடுகிறார். அதன் பிறகுதான் முடிவு. இன்னொன்று, வெளியேற்றம். "உனக்கு இங்கே இருக்க அனுமதி இல்லை, கிளம்பு" என்று குடிநுழைவு அதிகாரிகள் விமானத்தில் ஏற்றிவிடுகிறார்கள். தமிழில் இரண்டுக்கும் "நாடு கடத்தல்" என்றே எழுதிவிடுகிறோம்.

ஒப்படைப்பு என்பது வாசல் கதவு. அங்கே ஒரு காவலர் நிற்கிறார், காரணம் கேட்கிறார். வெளியேற்றம் என்பது கொல்லைக் கதவு. அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. இன்று நான் சொல்லப்போகும் அத்தனை சம்பவங்களும் இந்த இரண்டு கதவுகளுக்கு இடையில் நடந்தவைதான்.

பெல்ஜியம் போட்ட சட்டம்

முற்காலத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. திருடன் எல்லை தாண்டி ஓடினால் எந்த ராஜாவும் கவலைப்படவில்லை. "தொல்லை விட்டது" என்று இருந்துவிடுவார். ஆனால் தன் சிம்மாசனத்துக்கு எதிராகப் பேசியவன் ஓடிவிட்டால் விடமாட்டார். பக்கத்து நாட்டு ராஜாவுக்கு ஓலை போகும். இன்று நீ பிடித்துக் கொடு, நாளை நான் பிடித்துக் கொடுக்கிறேன் என்பதுதான் அன்றைய ஏற்பாடு.

இதை முதலில் மாற்றிய நாடு பெல்ஜியம். 1830இல் புரட்சி செய்து பிறந்த நாடு அது. புரட்சிக்காரர்களைப் பிடித்துக் கொடுத்தால் தன்னைத்தானே குற்றவாளி என்று சொன்னதாகிவிடும் அல்லவா? 1833இல் ஒரு சட்டம் போட்டார்கள். கொலை, கொள்ளை செய்தவனை ஒப்படைப்போம், அரசியல் குற்றம் செய்தவரை ஒப்படைக்க மாட்டோம் என்றார்கள். மெல்ல மெல்ல மற்ற ஐரோப்பிய நாடுகளும் இதை ஏற்றுக்கொண்டன. பிரிட்டன் 1870ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டத்திலேயே இதை எழுதி வைத்தது.

இருபது ஆண்டுகள் கழித்து அந்தச் சட்டத்துக்குச் சோதனை வந்தது. சுவிட்சர்லாந்தின் திசினோ மாநிலத்தில் 1890 செப்டம்பரில் மக்கள் கிளர்ச்சி வெடித்தது. கூட்டம் அரசாங்கக் கட்டடத்துக்குள் புகுந்தது. அந்த அமளியில் ரோசி என்ற அரசாங்க உறுப்பினரைக் காஸ்தியோனி என்பவர் சுட்டுக் கொன்றுவிட்டு லண்டனுக்கு ஓடிவந்தார். சுவிஸ் அரசாங்கம் ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டது. லண்டன் நீதிபதிகள் மறுத்தார்கள். அந்தக் கொலை ஓர் அரசியல் கிளர்ச்சியின் நடுவே, அதன் ஒரு பகுதியாக நடந்தது என்பது அவர்கள் சொன்ன காரணம். காஸ்தியோனி விடுதலையானார்.

கொலை செய்த சுவிஸ்காரருக்கு லண்டனில் அடைக்கலம்! சரி, லண்டன் ஆட்சியின் கீழ் இருந்த தமிழன் ஒருவன் வெறும் பேனாவைப் பிடித்ததற்காகத் தேடப்பட்டால் அவனுக்கு எங்கே அடைக்கலம்?

பாரதி ஏன் புதுச்சேரிக்குப் போனார்?

1908ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்கு மிக மோசமான ஆண்டு. கப்பலோட்டிய வ.உ. சிதம்பரனாருக்கு ஜூலை மாதம் இரட்டை ஆயுள் தண்டனை. சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்தாண்டு. அடுத்த குறி 'இந்தியா' வாரப் பத்திரிகை. சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் கைதானார், ஐந்தாண்டு தண்டனை பெற்றார். உண்மையில் அதில் எழுதிக் கொண்டிருந்தவர் சுப்பிரமணிய பாரதி. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. நண்பர்கள் அவரைப் புதுச்சேரிக்கு அனுப்பி வைத்தார்கள்.

ஏன் புதுச்சேரி? அது பிரெஞ்சு மண். பிரிட்டிஷ் போலீஸ்காரர் அங்கே வந்து கை வைக்க முடியாது. பிரெஞ்சு அரசிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்டால், "என்ன குற்றம்?" என்ற கேள்வி வரும். "பத்திரிகையில் எழுதினார்" என்று பதில் சொன்னால், அது அரசியல் குற்றம் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வாசல் கதவு அங்கேயே மூடிக்கொண்டது.

'இந்தியா' பத்திரிகை புதுச்சேரியிலிருந்து மீண்டும் வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழையத் தடை வந்ததும் 1910இல் நின்றுபோனது. ஆனால் பாரதி நிற்கவில்லை. 1910 ஏப்ரல் 4ஆம் நாள் வங்காளத்திலிருந்து அரவிந்தர் அங்கே வந்து சேர்ந்தார். அவர் மீதும் அரசாங்கத்துக்கு எதிராக எழுதியதற்கு வாரண்ட் இருந்தது. அதே ஆண்டில் லண்டனிலிருந்து தப்பி வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். ஒரு சின்னக் கடற்கரை ஊர் தேடப்படுபவர்களின் தலைநகரமாக மாறியது.

பிரிட்டிஷ் அரசாங்கம் சும்மா இருக்குமா? வாசல் மூடியிருந்தால் கொல்லைப்புறம் இருக்கிறதே! புதுச்சேரித் தெருக்களில் உளவாளிகள் நிறைந்தார்கள். தபால் பிரிக்கப்பட்டது. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடியைப் போட்டு, அதற்குள் அரசாங்கத்துக்கு எதிரான துண்டுப் பிரசுரங்களை அடைத்து வைத்திருந்தார்கள். சோதனை நடக்கும்போது கண்டெடுத்து, "பார்த்தீர்களா, இவர்கள் சதிகாரர்கள்" என்று பிரெஞ்சு அரசிடம் காட்டத் திட்டம். ஆனால் ஜாடி முன்கூட்டியே கண்ணில் பட்டுவிட்டது. நம்மவர்கள் தாங்களே போய்ப் பிரெஞ்சுப் போலீசிடம் சொல்லிவிட்டார்கள். சோதனை போட வந்த பிரெஞ்சு நீதிபதி அரவிந்தர் வீட்டில் கிரேக்க, லத்தீன் நூல்களைப் பார்த்துவிட்டு மரியாதையோடு திரும்பினார்.

அடுத்து ஒரு புது விதி வந்தது. புதுச்சேரியில் தங்கும் வெளியார், உள்ளூர் கௌரவ நீதிபதிகள் ஐந்து பேரிடம் சான்றுக் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் வெளியேற வேண்டும். அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு ஐந்து பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போடுவார்களா என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கலவை சங்கரன் செட்டியார் என்ற வணிகர் முன்னின்று ஐந்து கையெழுத்துகளையும் வாங்கிக் கொடுத்தார். சட்டப் புத்தகத்தில் இருந்த பாதுகாப்பு அன்று பிழைத்தது அந்த ஐந்து பேனாக்களால்தான்.

முதலாம் உலகப் போரில் பிரிட்டனும் பிரான்சும் ஒரே அணி. அப்போது அழுத்தம் இன்னும் கூடியது. இவர்களை அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடலாம் என்ற யோசனைகூட எழுந்தது. போகவில்லை. பாரதி பத்தாண்டுகள் அந்த ஊரிலேயே இருந்தார். பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு மூன்றும் அந்தப் பத்தாண்டில் பிறந்தவை. 1908இல் அவரைப் பிடித்துக் கொடுத்திருந்தால் அவற்றை நாம் படித்திருப்போமா? நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பேச்சுப் போட்டியில் பாரதியை முழங்கும்போது இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

போர் முடிந்ததும் 1918 நவம்பர் 20ஆம் நாள் பாரதி எல்லையைத் தாண்டினார். கடலூர் அருகே உடனே கைது! மூன்று வாரத்துக்கும் மேல் சிறை. அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர் போன்றவர்களின் முயற்சியால் நிபந்தனைகளின் பேரில் வெளியே வந்தார். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கவிஞர், இந்தப் பக்கம் கைதி.

மார்செய் துறைமுகத்தில் சில நிமிடங்கள்

லண்டனுக்கு ஓடிய சுவிஸ்காரருக்கு அடைக்கலம் கிடைத்ததே, லண்டனில் இருந்த இந்தியருக்குக் கிடைத்ததா? இல்லை. அதற்குக் காரணம், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஆளை அனுப்ப 1881இல் தனிச் சட்டம் இருந்தது. அதில் அரசியல் குற்றம் என்ற விலக்கே கிடையாது. வெளிநாட்டுக்காரனின் புரட்சிக்கு மரியாதை, தன் காலடியில் இருப்பவனின் புரட்சிக்கு விலங்கு!

அந்தச் சட்டத்தில் மாட்டியவர் விநாயக் தாமோதர் சாவர்க்கர். அவருடைய பிற்கால அரசியலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கும். அது இன்றைய தலைப்பு அல்ல. 1910 மார்ச்சில் லண்டனில் கைதான அவரை 'மோரியா' என்ற கப்பலில் இந்தியாவுக்கு ஏற்றினார்கள். ஜூலை 8ஆம் நாள் கப்பல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் நின்றபோது, குளியலறைச் சன்னல் வழியாகக் கடலில் குதித்து நீந்திக் கரையேறினார். பிரெஞ்சு மண்ணை மிதித்துவிட்டார். இனி பிரிட்டன் முறைப்படி கேட்டால்தான் கிடைப்பார். ஆனால் கரையில் இருந்த பிரெஞ்சுக் காவலர் ஒருவர் அவரைப் பிடித்தார். விரட்டி வந்த பிரிட்டிஷ் காவலர்களிடம் அங்கேயே கொடுத்துவிட்டார்.

செய்தி வெளியானதும் பிரான்சில் கொந்தளிப்பு. எங்கள் மண்ணிலிருந்து எந்த விசாரணையும் இல்லாமல் ஒருவரை இழுத்துப் போனது செல்லாது, திருப்பிக் கொடு என்றது பிரெஞ்சு அரசு. வழக்கு ஹேக் நகரில் இருந்த சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. 1911 பிப்ரவரி 24ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பிடித்துக் கொடுத்ததில் முறைகேடு இருந்தது உண்மை. ஆனாலும், வஞ்சகமோ பலாத்காரமோ இல்லாததால் திருப்பிக் கொடுக்கும் கடமை பிரிட்டனுக்கு இல்லை. இதுதான் தீர்ப்பின் சாரம். சாவர்க்கர் ஐம்பதாண்டு தண்டனையோடு அந்தமானுக்குப் போனார்.

ஒரு காவலர் சில நிமிடங்களில் செய்த காரியத்தை இரண்டு அரசாங்கங்களும் ஐந்து நடுவர்களும் சேர்ந்தும் திருப்ப முடியவில்லை. கொல்லைக் கதவு வழியாகப் போனவர் திரும்பி வருவது அவ்வளவு கடினம்.

அதே ஆண்டு, நம் பினாங்கில்...

சாவர்க்கர் கடலில் குதித்த அதே 1910இல், சுங்கை பாக்காப்பிலிருந்து பாலம் கடந்தால் எட்டிவிடும் ஜார்ஜ்டவுனில் இன்னொரு தேடப்பட்ட மனிதர் குடும்பத்தோடு தங்கியிருந்தார். அவர்தான் டாக்டர் சன் யாட் சென். சீனாவின் மஞ்சு அரசாங்கம் அவர் தலைக்கு விலை வைத்திருந்தது.

அவருக்கும் கொல்லைக் கதவு அனுபவம் ஏற்கெனவே உண்டு. 1896 அக்டோபரில் லண்டனில் சீனத் தூதரகம் அவரைக் கட்டடத்துக்குள்ளேயே அடைத்து வைத்தது. ரகசியமாகக் கப்பலில் ஏற்றிச் சீனாவுக்கு அனுப்பத் திட்டம். ஏன் கடத்த வேண்டும்? முறைப்படி கேட்டிருந்தால் அரசியல் குற்றம் என்ற கேள்வி குறுக்கே வந்திருக்கும். அவருடைய ஆசிரியர் டாக்டர் கேன்ட்லி பத்திரிகைகள் வரைக்கும் போய்ச் சத்தம் போட்டார். பன்னிரண்டு நாள் கழித்து, பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கண்டிப்பால் விடுதலையானார்.

அப்படிப்பட்டவர் 1910 நவம்பர் 13ஆம் நாள் பினாங்கில் தோழர்களைக் கூட்டினார். அடுத்த ஆண்டு குவாங்சோவில் நடந்த எழுச்சிக்கு இங்கேதான் திட்டமும் பணமும் திரட்டப்பட்டன. ஆர்மேனியன் தெருவில் 120ஆம் எண் வீடு இன்றும் நினைவிடமாக இருக்கிறது. பிரிட்டிஷ் அதிகாரிகள் என்ன செய்தார்கள்? சீனாவிடம் ஒப்படைக்கவில்லை. ஆனால் இருக்கவும் விடவில்லை. டிசம்பரில் அவரை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். அவருக்குப் போக வேறு நாடுகள் இருந்தன, பிழைத்தார். 1912 ஜனவரி முதல் நாள் சீனக் குடியரசின் தற்காலிக அதிபரானார். போக இடமில்லாத ஓர் ஏழையை அப்படி வெளியேற்றியிருந்தால்?

துப்பாக்கி பிடித்தவருக்கும் இதுதானா?

இந்த இடத்தில் நேயர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கவிஞருக்கு அடைக்கலம் சரி. கொலை செய்தவருக்கும் அரசியல் என்று சொல்லி அடைக்கலமா? இதற்கு மழுப்பாமல் பதில் சொல்லியாக வேண்டும்.

1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டார். அவர் புதுச்சேரிக்குப் போய் வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஆகவே புதுச்சேரி வெறும் கவிதை எழுதும் இடமாக மட்டும் இருக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் பேனாவும் இருந்தது, பிஸ்டலும் இருந்தது.

லண்டன் நீதிபதிகளுக்கும் இந்தத் தலைவலி வந்தது. காஸ்தியோனியை விட்ட அதே நீதிமன்றம், 1894இல் மெனியே என்ற பிரெஞ்சுக்காரரை ஒப்படைத்தது. பாரிசில் ஓர் உணவகத்திலும் ராணுவக் குடியிருப்பிலும் குண்டு வைத்ததாக அவர் மீது குற்றச்சாட்டு. சாப்பிட வந்த பொதுமக்கள் மேல் குண்டு வைப்பது எந்தக் கட்சிக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான போராட்டமும் அல்ல என்றது நீதிமன்றம். நோக்கம் அரசியலாக இருந்தால் போதாது, செய்த காரியமும் பார்க்கப்படும் என்று அன்றே கோடு கிழித்துவிட்டார்கள்.

அந்தக் கோடு எங்கே போகிறது என்பதில் நம் தமிழர்களின் பெரிய சோதனை 1982இல் வந்தது. மே 19ஆம் நாள் சென்னை பாண்டி பஜாரில் துப்பாக்கிச் சூடு. பிடிபட்டவர் பிரபாகரன். அவரோடு மோதிய உமா மகேஸ்வரனும் சில நாளில் பிடிபட்டார். இருவரும் இலங்கை அரசாங்கத்தால் தேடப்பட்டவர்கள். இலங்கைப் போலீஸ் தலைவரே சென்னைக்குப் பறந்து வந்தார். ஒப்படைக்கக் கூடாது என்று பழ. நெடுமாறன் கூட்டிய கூட்டத்தில் தமிழ்நாட்டுக் கட்சிகள் தீர்மானம் போட்டன. எம்.ஜி.ஆர். முதலமைச்சர், இந்திரா காந்தி பிரதமர். ஒப்படைப்பு நடக்கவில்லை. ஆகஸ்டில் நிபந்தனை ஜாமீன் கிடைத்தது.

அடுத்த ஆண்டே, 1983 ஜூலை 25, 27 தேதிகளில், கொழும்பு வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். குட்டிமணி, தங்கத்துரை, ஜெகன் அதில் அடக்கம். அரசாங்கத்தின் காவலில், பூட்டிய கதவுக்குள் நடந்த கொலை. 1982இல் ஒப்படைத்திருந்தால் அவர்களும் அந்தச் சிறைக்குப் போயிருக்கலாம். "அங்கே அனுப்பினால் நியாயமான விசாரணை கிடைக்காது" என்ற வாதம் வெறும் மேடைப் பேச்சல்ல என்பதை வெலிக்கடை காட்டியது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1991 மே 21ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அவரோடு அங்கே நின்ற பலரும் குண்டு வெடித்து இறந்தார்கள். 1995இல் பிரபாகரனை ஒப்படைக்கும்படி இந்தியா இலங்கையைக் கேட்டது. பதின்மூன்று ஆண்டுகளில் கேட்கும் கையும் மறுக்கும் கையும் இடம் மாறிவிட்டன! கூட்டத்துக்கு வந்த பொதுமக்களைக் கொன்ற குண்டுக்கு "அரசியல்" என்று பெயர் வைத்து அடைக்கலம் கேட்க முடியுமா? முடியாது என்றுதான் நான் சொல்வேன்.

உலகமும் மெல்ல அந்தப் பதிலுக்கே வந்தது. 1987இல் சார்க் நாடுகள் ஒப்பந்தம் போட்டன. சில வன்முறைக் குற்றங்களை அரசியல் குற்றமாகக் கருத மாட்டோம் என்றன. 1997ஆம் ஆண்டின் ஐ.நா. குண்டுவெடிப்பு உடன்படிக்கையும் அதையே சொன்னது. ஆனால் அதே உடன்படிக்கையின் அடுத்த பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. இனம், மதம், நாடு, அரசியல் கருத்து இவற்றுக்காகத் தண்டிக்கத்தான் கேட்கிறார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால், அப்போதும் மறுக்கலாம் என்கிறது அது.

இதில்தான் விஷயமே இருக்கிறது. "செய்த காரியம் அரசியலா?" என்பது ஒரு கேள்வி. "கேட்கிற கோரிக்கை அரசியலா?" என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும், இரண்டாவது கேள்வி உயிரோடு நிற்க வேண்டும். குண்டு வைத்தவர் என்று ஒருவரைச் சொல்வது எளிது. உண்மையிலேயே வைத்தவரா, அல்லது வேண்டாத ஆளைப் பிடிக்க அந்தப் பெயரைச் சூட்டினார்களா? அதை யாராவது உட்கார்ந்து விசாரிக்க வேண்டுமே!

நம் மலேசியாவில்?

நம் நாட்டுச் சட்டத்தில் இந்த இரண்டு கேள்விகளுமே இருக்கின்றன. 1992ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டம், 8ஆவது பிரிவு. குற்றம் அரசியல் தன்மை கொண்டதென்றால் ஒப்படைக்கக் கூடாது. இனம், மதம், குடியுரிமை, அரசியல் கருத்துக்காகத் தண்டிக்கவே கேட்கிறார்கள் என்றாலும் கூடாது. உள்துறை அமைச்சரின் உத்தரவு, செஷன்ஸ் நீதிமன்ற விசாரணை, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு என்று படிகள் உண்டு. வாசல் கதவு நல்ல தேக்கு மரக் கதவுதான்.

கொல்லைக் கதவு? அதன் வரலாறு நமக்குப் புதிதல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் மட்டும் கேட்கவில்லை. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். அந்தப் போராட்டத்தின் முன்னணியில் இருந்தவர் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதன். அவர் மீது கொலை வழக்கா, கொள்ளை வழக்கா? மே மாதம் கைது செய்து, இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அரசியல் குற்றமா என்று எந்த நீதிபதியும் கேட்க வாய்ப்பே கொடுக்கப்படவில்லை.

அது வெள்ளைக்காரன் காலம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2014 மே மாதம் இலங்கைத் தமிழர்கள் மூவர் கோலாலம்பூரில் கைதாகி, அதே மாதத்திலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். விடுதலைப் புலிகளை மீண்டும் உயிர்ப்பிக்க முயன்றார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்களில் இருவர் ஐ.நா. அகதிகள் ஆணையத்தால் அகதிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள், மற்றவர் மனுச் செய்திருந்தவர். குற்றச்சாட்டு உண்மையா, பொய்யா? எனக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. தீர்ப்புச் சொல்லும் தகுதி உள்ள இடத்தில் அது விசாரிக்கப்படவில்லை என்பதுதான் என் குறை. 2017 மே மாதம் மூன்று துருக்கிக்காரர்களுக்கும் இதேதான் நடந்தது. அவர்களில் இருவரைத் துருக்கி நடத்திய விதம் உரிமை மீறல் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2019இல் சொன்னது. சொல்லி என்ன பயன்? மார்செய் துறைமுகத்தின் கதைதான்.

ஆனால் மறுக்கவும் நமக்குத் தெரியும். தாய்லாந்துத் தடுப்பு முகாமிலிருந்து தப்பி வந்த பதினோரு உய்குர் முஸ்லிம்களைத் தன்னிடம் அனுப்பச் சொல்லி சீனா கேட்டது. எவ்வளவு பெரிய நாடு! 2018 அக்டோபரில் மலேசியா அவர்களைத் துருக்கிக்கு அனுப்பி வைத்தது. அவர்கள் இந்த நாட்டில் எந்தத் தவறும் செய்யவில்லை என்று பிரதமர் மகாதீர் காரணம் சொன்னார். அரசாங்கம் மனம் வைத்தால் முடியும். ஆனால் மனம் வைத்தால்தான் முடியும் என்ற நிலை போதுமா? குடிநுழைவுச் சட்டத்தின்படி எடுக்கப்படும் வெளியேற்ற முடிவுகளை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கும் வழி மிகக் குறுகலானது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் நம் நாடு கையெழுத்திடவில்லை. ஆக, கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

இது யாரோ வெளிநாட்டுக்காரனின் பிரச்சினைதானே என்று நினைக்க வேண்டாம். 2007 நவம்பர் ஹிண்ட்ராப் பேரணிக்குப் பிறகு பி. வேதமூர்த்தி லண்டனில் தங்க நேர்ந்தது. அவருடைய மலேசியக் கடப்பிதழ் ரத்தானது. பிரிட்டன் அவரை அகதியாக ஏற்றுக்கொண்டது. 2012 ஆகஸ்டில் நாடு திரும்பினார். அடுத்த ஆண்டே துணையமைச்சர், 2018இல் அமைச்சர்! அவருடைய அரசியலை ஆதரிப்பவர்களும் உண்டு, எதிர்ப்பவர்களும் உண்டு. நான் காட்ட விரும்புவது வேறு. அன்று லண்டன் அவரைக் கொல்லைக் கதவு வழியாகத் தள்ளியிருந்தால், அந்தக் கதையின் இரண்டாம் பாகம் நடந்திருக்காது.

எல்லாத் தேடப்படுபவரும் பாரதி ஆகிவிடமாட்டார். எல்லோரும் அமைச்சரும் ஆகிவிடமாட்டார்கள். சிலர் உண்மையிலேயே கொலைகாரர்களாகவும் இருப்பார்கள். அவர்கள் ஒப்படைக்கப்படத்தான் வேண்டும். ஆனால் யார் எந்த வகை என்பதை விமான நிலையத்து அதிகாரி அரை மணி நேரத்தில் முடிவு செய்ய முடியாது. பிரெஞ்சு நீதிபதி ஒருவர் வீட்டுக்குள் வந்து அலமாரியைத் திறந்து பார்த்ததால்தான் ஜாடிக்குள் இருந்தது பொய்ச் சாட்சி என்று தெரிந்தது.

ஆகவே நேயர்களே, வாசகர்களே, அடுத்த முறை பத்திரிகையில் "நாடு கடத்தப்பட்டார்" என்று படித்தால், செய்தியை மூடிவிட்டுப் போகாதீர்கள். எந்தக் கதவு வழியாக என்று கேளுங்கள். நீதிபதி முன் நிறுத்தினார்களா என்று கேளுங்கள். நமக்குப் பிடித்தவர் பெயர் அடிபடும்போது மட்டுமல்ல, அறவே பிடிக்காதவர் பெயர் அடிபடும்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள். நமக்கு வேண்டியவருக்கு மட்டும் நீதிமன்றம், வேண்டாதவருக்கு விமானம் என்றால் அது நியாயம் ஆகாது. அன்று சங்கரன் செட்டியாரும் அந்த ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டபோது, பாரதி மகாகவி ஆவார், அரவிந்தர் மகான் ஆவார் என்று தெரிந்து போடவில்லை. கதவைத் தட்டியவர்களை விசாரிக்காமல் அனுப்பக் கூடாது என்றுதான் போட்டார்கள்.